போஸ்ட்மார்ட்டம் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பா ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். குளிப்பாட்டும்போது முதுகு முழுக்க ஊதா நிறத் திட்டுகள். "யாரோ அடிச்சிருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. பரிசோதனை அறிக்கையில் 'பி.எம். கறை' என்று எழுதியிருந்தது. அது காயம் இல்லை, இறந்தபின் எல்லா உடலிலும் வருவது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு தடயவியல் மருத்துவரிடம் கேட்டபோது ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிட்டார். அன்றிலிருந்து இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது, என்னவெல்லாம் பொருள் தருகிறது என்று சேர்த்துக்கொண்டே வந்தேன். என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

போஸ்ட்மார்ட்டம் என்றால் நேர்ப் பொருள் என்ன?

'மரணத்துக்குப் பிறகு'. அவ்வளவுதான். லத்தீனில் 'போஸ்ட்' என்றால் பிறகு, 'மோர்ஸ்' என்றால் மரணம். 'போஸ்ட்' என்ற சொல் தனக்கு அடுத்து வரும் பெயரை இரண்டாம் வேற்றுமையில் கேட்கும். அதனால் 'மோர்ஸ்' அங்கே 'மோர்ட்டெம்' ஆகிறது. நாம் 'மரணத்துக்கு' என்று நான்காம் வேற்றுமை போட்டுப் 'பிறகு' சேர்க்கிறோம், அவர்கள் வேறு வேற்றுமை போடுகிறார்கள். 'ரிகர் மோர்ட்டிஸ்' என்று இன்னொரு தொடர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆறாம் வேற்றுமை: 'மரணத்தின் விறைப்பு'.

கவனியுங்கள், இந்த இரண்டு சொற்களில் அறுப்பதும் இல்லை, ஆய்வும் இல்லை, மருத்துவரும் இல்லை. 'மரணத்துக்குப் பிந்தைய பரிசோதனை' என்ற நீளமான தொடரில் 'பரிசோதனை' உதிர்ந்துபோய், அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. 'செல்போன்' பேச்சில் வெறும் 'செல்' ஆன மாதிரி. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எங்கே இந்தச் சொல்லைப் பார்த்தாலும் 'மரணத்துக்குப் பிறகு என்ன?' என்று கேளுங்கள். பரிசோதனையா, உடலில் வந்த மாற்றமா, காயமா, உரிமையா? விடுபட்டுப்போன அந்தச் சொல்லில்தான் பொருள் இருக்கிறது.

நம் 'மரணம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. சாவு, இறப்பு இரண்டும் தமிழின் சொந்தச் சொற்கள். மரணம் வடமொழியிலிருந்து வந்தது. வடமொழியின் மரணம், மிருத்யு, லத்தீனின் மோர்ஸ் எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. சாகாமை தரும் 'அமிர்தம்' கூட அதே வேர்தான்: 'மிருத' என்றால் இறந்த, முன்னால் 'அ' சேர்த்தால் இறவாத. கிரேக்கத் தெய்வங்களின் உணவான 'அம்புரோசியா' அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஆங்கிலத்தில் கொலையைக் குறிக்கும் 'மர்டர்', பிணவறையைக் குறிக்கும் 'மார்ச்சுவரி', ஏன், வீட்டுக் கடனுக்கான 'மார்ட்கேஜ்' கூட இந்தக் குடும்பம்தான். கடைசிச் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் 'செத்த அடமானம்' என்று பொருள்.

மணி சொல்லும்போது வரும் பி.எம்.மும் இதுதானா?

இல்லை. அது 'போஸ்ட் மெரிடியெம்', நண்பகலுக்குப் பிறகு. ஆனால் மருத்துவமனை, காவல்துறைக் காகிதங்களில் வரும் பி.எம். பெரும்பாலும் போஸ்ட்மார்ட்டத்தின் சுருக்கம். நேரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மணி, 'காயம்', 'கறை', 'எண்' போன்ற சொற்களுக்குப் பக்கத்தில் இருந்தால் மரணம். எங்கள் வீட்டில் அந்த 'பி.எம். கறை'யை மதியத்துக்கு மேல் ஏற்பட்ட கறை என்றுதான் முதலில் படித்தோம். அந்த வீட்டில் மதியத்துக்கு மேல் யார் இருந்தது என்று விசாரிக்கும் அளவுக்குப் போனது.

ஆட்டாப்சி, நெக்ராப்சி என்பவை வேறா?

செயல் ஒன்றுதான், சொல்தான் வேறு. 'ஆட்டாப்சி' கிரேக்கம், 'தன் கண்ணால் பார்த்தல்' என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. கேள்விப்பட்டதை நம்பாமல், ஊகிக்காமல், நேரே பார்ப்பது. 'நெக்ராப்சி' என்பதும் கிரேக்கம், பிணத்தைப் பார்த்தல். இன்று பெரும்பாலும் விலங்குகளின் உடலைப் பரிசோதிப்பதற்கு அதைச் சொல்கிறார்கள்.

எல்லா இறப்புக்கும் செய்வார்களா?

இல்லை. இரண்டு வகை உண்டு. ஒன்று, சட்டம் கேட்பது. விபத்து, தற்கொலை, கொலை, சந்தேகத்துக்குரிய சாவு, காரணம் தெரியாத திடீர்ச் சாவு போன்றவற்றில் விசாரணை அதிகாரி உத்தரவிடுவார். இதற்குக் குடும்பத்தின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. இன்னொன்று, மருத்துவம் கேட்பது. நோய் எப்படிப் போயிற்று, சிகிச்சை எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள மருத்துவமனையே செய்வது. இதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். எந்தெந்தச் சாவுக்குக் கட்டாயம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

பரிசோதனையில் உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் வெளிப்பார்வை. உடை, உயரம், எடை, தழும்பு, காயம், கறை எல்லாவற்றையும் அளந்து குறிப்பார்கள், படம் எடுப்பார்கள். பல வழக்குகளில் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். அப்புறம் உடலைத் திறப்பார்கள். இரண்டு தோளிலிருந்தும் மார்பின் நடுவுக்கு வந்து, அங்கிருந்து கீழ் வயிறு வரை போகும் ஒரு வெட்டு. அல்லது கழுத்துக்குக் கீழிருந்து நேர்கோடாக ஒரே வெட்டு. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எடை பார்த்து, அறுத்து உள்ளே பார்ப்பார்கள். மூளையைப் பார்க்க, தலையின் பின்பக்கமாகத் தோலைக் கீறி மண்டையோட்டின் மேல்பகுதியைத் திறப்பார்கள். முடி மறைத்துவிடும் என்பதால் அந்த இடம். சிறு துண்டுகளை நுண்ணோக்கிக்கு அனுப்புவார்கள். தேவைப்பட்டால் ரத்தம், சிறுநீர், வயிற்றில் உள்ளது, கல்லீரல் துண்டு போன்றவை விஷ ஆய்வுக்குப் போகும்.

உடலைப் பார்க்கும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். முழு அறிக்கை வர வாரக்கணக்கில் ஆவது அந்த ஆய்வக முடிவுகளால்தான். தாமதம் என்றாலே எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை.

முடிந்ததும் உடலைத் தைத்து, கழுவித் தருவார்கள். முகம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க முடியுமா என்பதுதான் குடும்பத்தாரின் முதல் பயம். பரிசோதனை காரணமாக அது தடைபடுவது அரிது.

'போஸ்ட்மார்ட்டம் மாற்றங்கள்' என்று அறிக்கையில் வருகிறதே, அவை என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடல் குளிர்தல் முதலாவது. லத்தீனில் 'அல்கோர் மோர்ட்டிஸ்'. வெப்பம் உண்டாக்கும் வேலை நின்றுவிட்டதால் உடல் சுற்றுப்புற வெப்பநிலையை நோக்கி இறங்கும். மணிக்குச் சுமார் 1 டிகிரி செல்சியஸ் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். போர்வை, உடல் பருமன், காற்று, தண்ணீர் எல்லாம் அதை மாற்றிவிடும்.

இரண்டாவது கறை, 'லிவோர் மோர்ட்டிஸ்'. இதயம் நின்றதும் ரத்தத்தைத் தள்ள ஆள் இல்லை. எடையால் அது கீழே இறங்கி, உடலின் தாழ்ந்த பக்கத்தில் தேங்குகிறது. மல்லாந்து படுத்தவருக்கு முதுகில், குப்புறப் படுத்தவருக்கு மார்பிலும் முகத்திலும். ஒரு மணி நேரத்துக்குள்ளோ சற்றுக் கூடவோ தெரிய ஆரம்பித்து, சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் அப்படியே நிலைத்துவிடும். தரையில் அழுந்திய இடத்தில் மட்டும் ரத்தம் இறங்க முடியாது. அதனால் முதுகு முழுக்க ஊதாவாக இருக்க, தோள்பட்டை எலும்பின் மேலும் பிட்டத்திலும் வெளுத்த திட்டுகள் நிற்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு அந்த ஊதாப் பகுதிகள் அச்சு அசலாக அடிபட்ட இடங்கள் மாதிரியே தெரியும். மருத்துவர் சந்தேகப்பட்டால் அந்த இடத்தில் கீறிப் பார்ப்பார். கறையில் ரத்தம் குழாய்களுக்குள்ளேயே இருக்கும், கழுவினால் போய்விடும். அடிபட்ட காயத்தில் ரத்தம் குழாயை விட்டு வெளியேறித் திசுவுக்குள் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. கறையின் நிறமும் பேசும்: கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தவருக்கு அது செர்ரிப் பழச் சிவப்பாக இருக்கலாம்.

மூன்றாவது விறைப்பு, 'ரிகர் மோர்ட்டிஸ்'. தசை சுருங்க ஆற்றல் வேண்டும் என்பது தெரியும். சுருங்கிய தசை பிடியை விடவும் ஆற்றல் வேண்டும். ஏ.டி.பி. என்ற அந்த ஆற்றல் மூலக்கூறு தீர்ந்துபோனதும் தசை நார்கள் ஒன்றையொன்று பிடித்த பிடியிலேயே உறைந்துவிடுகின்றன. இறந்த சில மணி நேரத்தில் இமை, தாடை போன்ற சிறு தசைகளில் முதலில் தெரியும், சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்க வந்துவிடும், தசை சிதையத் தொடங்கும்போது தானாகத் தளரும். வெயில் காலத்தில் எல்லாம் வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக.

இறந்தபின் நகமும் முடியும் வளரும் என்பது உண்மை இல்லை. தோல் காய்ந்து பின்வாங்குகிறது, அதனால் நகமும் தாடி மயிரும் நீண்ட மாதிரி தெரிகின்றன.

ஆன்ட்டி மார்ட்டம், பெரி மார்ட்டம் என்றும் எழுதுகிறார்களே?

'ஆன்ட்டே' என்றால் முன்பு. ஆன்ட்டி மார்ட்டம் காயம் என்றால் உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டது. உடல் அதற்கு எதிர்வினை காட்டியிருக்கும்: ரத்தம் கசிந்திருக்கும், வீங்கியிருக்கும், ஆறத் தொடங்கியிருக்கும். போஸ்ட்மார்ட்டம் காயம் என்றால் உயிர் போன பிறகு உடலைத் தூக்கும்போதோ, விலங்குகளாலோ ஏற்பட்டது. 'பெரி' என்றால் சாவை ஒட்டிய நேரம். முன்பா பின்பா என்று பிரிக்க முடியாத எல்லைக்கோடு. கவனம்: நம் பேச்சில் 'ஆன்ட்டி' என்றால் 'எதிர்' என்று பழகிவிட்டது. இது அது இல்லை, ஆங்கில எழுத்தும் வேறு.

பேரிடர்களில் உடல்களை அடையாளம் காண இன்டர்போல் பயன்படுத்தும் படிவங்களிலும் இதே இரண்டு சொற்கள்தான். காணாமல்போனவரைப் பற்றிக் குடும்பம் தரும் தகவல்களுக்கு, பல் மருத்துவப் பதிவு, தழும்பு, நகை என்று எல்லாவற்றுக்கும், மஞ்சள் நிற ஆன்ட்டி மார்ட்டம் படிவம். கிடைத்த உடலைப் பற்றிய தகவல்களுக்கு இளஞ்சிவப்பு நிறப் போஸ்ட்மார்ட்டம் படிவம். மஞ்சளும் இளஞ்சிவப்பும் பொருந்தும்போதுதான் ஒரு பெயர் திரும்பக் கிடைக்கிறது.

இறைச்சிக் கூடங்களிலும் இந்த இரண்டு சொற்கள் உண்டு. விலங்கை அறுப்பதற்கு முன்பு ஒரு பரிசோதனை, அறுத்தபின் ஒன்று.

சரியான இறந்த நேரத்தைச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. 'இரவு 10.20க்கு இறந்தார்' என்றெல்லாம் திரைப்படங்களில்தான் சொல்வார்கள். குளிர்ச்சி, கறை, விறைப்பு, வயிற்றில் உள்ள உணவு எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இடைவெளியைத்தான் மருத்துவர் சொல்வார். நாள் ஆக ஆக அந்த இடைவெளி அகலமாகும்.

காரணமும் எப்போதும் கிடைத்துவிடாது. இதயத் துடிப்பின் மின்னோட்டம் தாறுமாறாகி நின்றுபோனால் அது எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காமல் போகலாம். முழுப் பரிசோதனைக்குப் பிறகும் 'காரணம் நிறுவ முடியவில்லை' என்று எழுதுவது மருத்துவரின் தோல்வி இல்லை, நேர்மை. இன்னொன்று: 'காரணம்' வேறு, 'விதம்' வேறு. தலையில் அடிபட்டது காரணம். தானே விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்பது விதம். இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க முடியாதது என்று பல இடங்களில் ஐந்தாகப் பிரிக்கிறார்கள். விதத்தை உடல் மட்டும் சொல்லிவிடாது.

இந்தப் பழக்கம் எப்போதிலிருந்து இருக்கிறது?

கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோது அன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் உடலைப் பார்த்தார். 23 காயங்களில் மார்பில் விழுந்த இரண்டாவது குத்து மட்டுமே உயிரைப் பறித்தது என்று அவர் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். சீனாவில் 1247இல் சோங் சி என்ற நீதிபதி, இறந்த உடலைப் பார்த்துக் குற்றத்தைக் கண்டறிவது எப்படி என்று ஒரு முழு நூலே எழுதினார்.

ஆனால் என் பார்வையில் பெரிய திருப்பம் 1761தான். இத்தாலியின் படுவா நகரத்தில் மோர்காக்னி என்ற மருத்துவர், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஏறத்தாழ 700 உடல்களின் விவரத்தை நூலாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 79. உயிரோடு இருந்தபோது இவருக்கு இந்த வலி இருந்தது, இறந்தபின் இந்த உறுப்பில் இந்தச் சிதைவு இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். உடலின் நீர்மங்கள் சமநிலை கெடுவதால் நோய் வருகிறது என்ற பழைய நம்பிக்கை அதன்பிறகு நிற்க முடியவில்லை. நோய்க்கு ஓர் இடம் உண்டு என்றானது. பின்னால் வியன்னாவில் ரோக்கிடான்ஸ்கியும் பெர்லினில் விர்ச்சோவும் இதை ஒழுங்கான முறையாக வளர்த்தெடுத்தார்கள்.

அறுக்காமல் செய்ய வழி இல்லையா?

ஓரளவு இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துத் தடயவியல் மருத்துவர்கள் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களை வைத்து 'விர்டாப்சி' என்ற முறையை உருவாக்கினார்கள். எலும்பு முறிவு, குண்டு இருக்கும் இடம், பெரிய ரத்தக்கசிவு போன்றவை இதில் நன்றாகத் தெரியும். விஷமோ, திசுவுக்குள் நுண்ணிய அளவில் இருக்கும் நோயோ தெரியாது. அதனால் பல இடங்களில் துணையாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உடலோடு சம்பந்தமே இல்லாத போஸ்ட்மார்ட்டம் உண்டா?

நிறைய. இடைக்கால இங்கிலாந்தில் 'இன்க்விசிஷன் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒரு விசாரணை இருந்தது. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், அவருக்கு எங்கெங்கே நிலம், அதன் மதிப்பு என்ன, வாரிசு யார், வாரிசுக்கு வயது என்ன என்று உள்ளூர்க்காரர்களை வைத்து விசாரித்து எழுதுவார்கள். 1236 தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை அந்தப் பதிவுகள் இருக்கின்றன. யாரும் உடலைத் தொடவில்லை, ஆனால் பெயர் போஸ்ட்மார்ட்டம்தான். வரலாற்று ஆய்வில் இந்தத் தொடரைப் பார்த்துக் கொலை வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

பதிப்புரிமையில் 'போஸ்ட் மோர்ட்டெம் அவுக்டோரிஸ்' என்று வரும். 'ஆசிரியரின் மரணத்துக்குப் பிறகு'. சுருக்கமாக பி.எம்.ஏ. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தம், ஆசிரியர் இறந்தபின் பொதுவாகக் குறைந்தது 50 ஆண்டு உரிமை நீடிக்கக் கேட்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு.

மறைவுக்குப் பின் தரும் விருதையும் இப்படிச் சொல்லலாமா?

வேண்டாம். அதற்கு 'பாஸ்துமஸ்' என்ற வேறு சொல் இருக்கிறது. தந்தை இறந்தபின் பிறந்த குழந்தைக்கும், எழுத்தாளர் இறந்தபின் வந்த நூலுக்கும் அதுவே. அந்தச் சொல்லுக்கு ஒரு சுவையான கதை உண்டு. லத்தீனில் 'போஸ்டுமுஸ்' என்றால் 'கடைசியானது'. மரணத்தோடு நேரடித் தொடர்பே இல்லை. கடைசியாகப் பிறந்த பிள்ளை என்ற பொருளிலிருந்து, தந்தை போனபின் பிறந்த பிள்ளை என்று நகர்ந்தது. பிறகு மண்ணைக் குறிக்கும் 'ஹுமுஸ்' என்ற சொல்லோடு குழப்பி, நடுவில் ஒரு ஹகரத்தையும் எழுத்தில் சேர்த்துவிட்டார்கள்.

நோபல் பரிசை இறந்தவருக்குத் தருவதில்லை என்பது விதி. 2011இல் ரால்ஃப் ஸ்டைன்மன் என்ற விஞ்ஞானிக்கு அறிவித்தார்கள், அவர் மூன்று நாள் முன்பே இறந்திருந்தது குழுவுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறார் என்று நம்பி நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்பதால் பரிசை மாற்றவில்லை.

போஸ்ட்மார்ட்டம் புகைப்படம் என்றால்?

1839இல் டாகெரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறை அறிமுகமான பிறகு, இறந்தவர்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. பல குழந்தைகளுக்கு அதுதான் ஒரே படம். அதைப் பயங்கரமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. முகம் மறந்துபோய்விடுமோ என்ற பயத்தில் எடுத்தவை அவை. பிணங்களை இரும்புத் தாங்கியில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள் என்று இணையத்தில் சுற்றுவது தவறு. அந்தத் தாங்கிகள் உயிரோடு இருப்பவர் அசையாமல் நிற்க உதவியவை, ஓர் உடலின் எடையை அவை தாங்காது.

அலுவலகத்தில், மென்பொருளில் சொல்லும் போஸ்ட்மார்ட்டம்?

ஓர் இணையச் சேவை விழுந்துபோனால், சரிசெய்த பிறகு என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, ஏன் நடந்தது, மறுபடி வராமல் இருக்க என்ன செய்வது என்று எழுதும் அறிக்கை. நல்ல நிறுவனங்களில் இதைக் 'குற்றம் சாட்டாத போஸ்ட்மார்ட்டம்' என்பார்கள். தவறு செய்தவரைத் தேடினால் எல்லாரும் மறைப்பார்கள், காரணம் கிடைக்காது. பிணவறை மேசையிலும் இதே விதிதான், மருத்துவர் தீர்ப்பு எழுதுவதில்லை, கண்டதை எழுதுகிறார்.

நிரல் நின்றுபோன பிறகு அதன் நினைவகப் படிமத்தை வைத்துப் பிழை தேடுவதையும் போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். பைத்தான் என்ற நிரல்மொழியின் பிழைநீக்கியில் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. உளவியலாளர் கேரி க்ளைன் இதைத் திருப்பிப் போட்டு 'ப்ரீமார்ட்டம்' என்றார்: திட்டம் தொடங்கும் முன்பே, அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு ஏன் தோற்றது என்று எழுதிப் பார்ப்பது.

சதுரங்கத்தில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து காய்களைத் திரும்ப வைத்து அலசுவதும் போஸ்ட்மார்ட்டம்தான்.

தமிழில் எந்தச் சொல்லை எழுதலாம்?

உடற்கூறாய்வு, பிரேதப் பரிசோதனை, சவப் பரிசோதனை மூன்றும் வழக்கில் உள்ளன. நான் 'உடற்கூறாய்வு' என்பதையே எழுதுகிறேன். காரணம், அதைப் படிக்கும் வீட்டாருக்கு அது இன்னும் அவர்கள் ஆளின் உடல்தான், 'பிரேதம்' இல்லை. பேச்சில் போஸ்ட்மார்ட்டம் என்றே எல்லாருக்கும் புரியும். அதில் தவறில்லை. 'அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் போஸ்ட்மார்ட்டம் பண்ணாதே' என்று சாதாரணமாகச் சொல்வோம். சமீபத்தில் ஒருவரை இழந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்தப் பேச்சைத் தவிர்த்துவிடுங்கள்.

அறிக்கை கையில் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

கடைசிப் பகுதியில் உள்ள 'இறப்புக்கான காரணம்'. அதில் 'ஆய்வக முடிவுக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தால், அது இறுதி அறிக்கை இல்லை. அப்புறம் காயங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆன்ட்டி மார்ட்டமா, போஸ்ட்மார்ட்டமா என்று பாருங்கள். கறை, விறைப்பு பற்றிய வரிகள் காயங்களில் சேராதவை. புரியாத வரியை அடிக்கோடிட்டு, பரிசோதனை செய்த மருத்துவரிடமே விளக்கம் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். அவரைச் சந்திக்க முடியாவிட்டால் குடும்ப மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.